ஆறடி தள்ளி நின்று

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள், சார். எனக்கு வேண்டாம். காற்றில் இந்த ஃபைல் பறந்துவிட்டால் நான் தொலைந்தேன். டிபன் பையோடு சேர்த்து மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். உக்கடம் போக ஒரு மணி நேரம் ஆகுமா? ஒன்றே காலா? பன்னிரண்டு மணிக்குள் கோவை தலைமை அலுவலகத்தில் இதைக் கொடுத்தாக வேண்டும். பொள்ளாச்சியில் வண்டி எடுக்கும்போது பத்து இருபத்தொன்று. குறித்து வைத்திருக்கிறேன். எதையும் குறித்து வைப்பது என் பழக்கம்.

என் புருவத்தைப் பார்க்கிறீர்கள். பரவாயில்லை, எல்லோரும்தான் பார்க்கிறார்கள். கண்டக்டர் டிக்கெட்டை என் புருவத்திடம்தான் நீட்டினார். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பாதுகாப்பு அலுவலர், சார். ஆனைமலைப் பக்கம் ஒரு தேங்காய் நார் மில்லில். பி.எஸ்ஸி. வேதியியல் முடித்து, அதற்கு மேல் தீத்தடுப்பில் ஒரு வருட டிப்ளமோ. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். வீட்டில் என்ன, எங்கள் வீதியிலேயே. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆறாவது மாதம் முடிந்தால் நிரந்தரம் செய்வார்கள். செய்வார்கள் என்றுதான் சொன்னார்கள்.

நார் மில் பார்த்திருக்கிறீர்களா? பெரிதாக ஒன்றுமில்லை. தேங்காய் மட்டையைத் தொட்டியில் ஊறவைத்து, இயந்திரத்தில் அடித்து, வருகிற நாரைக் களத்தில் காயப்போட்டு, காய்ந்ததை வைக்கோல்போர் மாதிரி குவித்து வைப்பார்கள். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். பங்குனி வெயிலில் காய்ந்த நார் எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு பொறி போதும். இதைப் புரிந்துகொள்ள டிப்ளமோ தேவையில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். அங்கே போய்ப் பாருங்கள், தெரியும்.

நான் சேர்ந்த அன்று களத்தைச் சுற்றி வந்தேன். நாற்பத்திரண்டு பேர் வேலை செய்கிற இடத்தில் தீயணைப்பு ஏற்பாடு என்ன தெரியுமா? எட்டு டிரம். துருப்பிடித்த பழைய எண்ணெய் டிரம்கள். அதில் தண்ணீர், தண்ணீருக்குள் கோணிச் சாக்கு. அவ்வளவுதான், சார். காலையில் முதலில் வருகிறவள் டிரம்களை நிரப்பி, சாக்குகளை முழுக்கிவிட வேண்டும். அதற்கப்புறம்தான் நாரில் கை வைப்பார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்தால் "சாப்பிட்டயா" என்று கேட்க மாட்டார்கள். "சாக்கு முழுக்கியாச்சா?" என்பார்கள். அதுதான் அவர்கள் வணக்கம்.

எழுதி வைத்த பதிவேடு எதுவும் இல்லை. மாராத்தாள் என்று ஒரு அம்மாள், ஐம்பத்தைந்து வயது இருக்கும், களத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். அவளிடம் கேட்டேன், இதுவரை எத்தனை தடவை தீப்பிடித்திருக்கிறது என்று.

"அதையெல்லாம் ஆருங்க கண்ணு எண்ணிக்கிட்டு இருக்கறது? புடிக்கும். அணைப்போம். மறுக்கா வேலையப் பாப்போம்."

எண்ணவே இல்லையாம். இப்படிப்பட்ட ஆட்களை வைத்துக்கொண்டு நான் என்ன அறிக்கை எழுதுவது? "இதுவரை நிகழ்ந்த தீ விபத்துகள்: பதிவு இல்லை" என்று எழுதினேன். அது உண்மை. நான் பொய் எழுத மாட்டேன்.

இன்னொன்றும் அன்றே சொன்னேன். "என்னைக் கண்ணு என்று கூப்பிடக் கூடாது. சார் என்று கூப்பிடுங்கள்."

"சரிங் சார் கண்ணு" என்றாள். களம் முழுக்கச் சிரித்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. மேனேஜர் நாச்சிமுத்துவிடம் பேசினேன். அவர் ஒரு தனிப் பிறவி. எது சொன்னாலும் "பாத்துக்கலாம் தம்பி" என்பார். எதையும் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் நாரை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வருகிறார்கள் என்றதும் அவருக்குக் காது கேட்டது. பன்னிரண்டு புதுத் தீயணைப்பு சிலிண்டர் வந்தது, சார். ஒவ்வொன்றும் ஆறு கிலோ பவுடர். சுவரில் மாட்டி, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, அம்புக்குறி வரைந்து, கீழே மஞ்சள் கட்டம் போட்டு... பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். மறுநாள் காலையில் வந்து பார்க்கிறேன், பன்னிரண்டுக்கும் சந்தனம் குங்குமம். அழுத்தம் காட்டுகிற சின்னக் கண்ணாடி இருக்கிறதல்லவா, சரியாக அதன்மேல் குங்குமம். முள் பச்சையில் நிற்கிறதா சிவப்பில் நிற்கிறதா என்று பார்க்கிற இடத்தில் நிரந்தரமாகச் சிவப்பு. அரை நாள் துடைத்தேன். ஒரு வாரத்தில் அதே சிலிண்டரில் டிபன் பையை மாட்டினார்கள். கும்பிட்டதும் அவர்கள்தான், பை மாட்டியதும் அவர்கள்தான்.

இப்படி இருக்கும்போது டிரம் எதற்கு, சொல்லுங்கள். தண்ணீர் தேங்கினால் கொசு. சோதனைக்கு வருகிறவர்கள் அந்தத் துருவைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? எட்டையும் கொட்டிக் கவிழ்த்து, அலுவலகத்துக்குப் பின்னால் அடுக்கச் சொன்னேன். சாக்குகளை ஸ்டோரில் வைத்துப் பூட்டினேன். சாவி என்னிடம்.

மாராத்தாள் கவிழ்த்த டிரம்மைத் தட்டிப் பார்த்தாள். "தண்ணி இல்லாத களத்துல நாரு காயப்போடறதுங்களா?" என்றாள்.

"அதற்குப் பதிலாகத்தான் சிலிண்டர் இருக்கிறது" என்றேன்.

"அதுக்குள்ள தண்ணி இருக்குதுங்களா?"

"பவுடர்."

"பவுடரா!" என்று துளசிமணியைப் பார்த்தாள். துளசிமணி அவளுடைய கூட்டாளி, வாய் சும்மா இருக்காது. "மூஞ்சிக்கு அடிக்கறதாட்ட இருக்குமக்கா" என்றாள். அன்றிலிருந்து எனக்குப் பெயர் பவுடர் சார். முதுகுக்குப் பின்னால் என்று நினைக்காதீர்கள், முகத்துக்கு நேரே.

நான் கோபப்படவில்லை. படிக்காதவர்களிடம் கோபப்படுவது அழகல்ல. பயிற்சி கொடுத்தேன். மூன்று தடவை. பின்னை இழு, குறி வை, அழுத்து, இருபுறமும் வீசு. நான்கே சொல். ஆறடி தள்ளி நிற்க வேண்டும், காற்று நம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். மணி அடித்தால் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேப்பமரத்தடியில் 'கூடுமிடம்' என்று பலகை வைத்திருக்கிறேனே, அங்கே போய் நிற்க வேண்டும். நிழல் இருக்கிறது என்பதால் அங்கே உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டார்கள். பலகையில் முருங்கைக்கீரை காயப்போட்டிருந்தார்கள். இதற்குமேல் நான் என்ன செய்ய?

போன வியாழக்கிழமை நடந்தது. எல்லாம் மணி வாரியாக இதில் இருக்கிறது. பதினொன்று நாற்பது. டிராக்டர் நாரைத் தள்ளிவிட்டுப் பின்னால் வந்தது. அதன் புகைக்குழாயிலிருந்து பொறி விழுந்து, கடைக்கோடி நார்ப்போரின் அடியில் புகைந்தது. துளசிமணிதான் முதலில் பார்த்தாள். கத்தினாள். கத்தக் கூடாது, மணியை அடிக்க வேண்டும். மணியை நானே போய் அடித்தேன்.

நாற்பத்திரண்டு பேரில் எத்தனை பேர் கூடுமிடத்துக்குப் போனார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒருவர். மேனேஜர். வேப்பமரத்தடியில் போனைக் காதில் வைத்தபடி நின்றார். மூன்று பயிற்சிக்கும் வராத மனிதர், அவர் ஒருவர்தான் விதிப்படி நடந்தார்.

மற்றவர்கள் எல்லோரும் டிரம் இருந்த இடத்துக்கு ஓடினார்கள், சார்! டிரம் எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. இருந்த இடத்துக்கு ஓடி, வெறும் தரையைப் பார்த்து நின்றார்கள். பழக்கம் என்றால் இப்படியா? அங்கிருந்து நான்கு எட்டில் சிலிண்டர் தொங்குகிறது, அம்புக்குறியோடு. ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் ஐந்தாம் எண் சிலிண்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். பதினொன்று நாற்பத்திரண்டு. பின்னை இழுத்தேன். குறி வைத்தேன். நார் சரசரவென்று எரிந்தது. பொய் சொல்வானேன், நிஜத் தீயில் அதற்கு முன் நான் நின்றதில்லை. டிப்ளமோவில் தகரத் தட்டில் டீசல் ஊற்றிக் கொளுத்துவார்கள், அதை அணைத்திருக்கிறேன். அழுத்தினேன். புஸ்ஸென்று பவுடர் பாய்ந்தது. சுடர் போய்விட்டது, சார். ஒரு நொடியில். வெள்ளையாகப் புகை மண்டலம். நாரும் பவுடருமாகச் சேர்ந்து களத்தின் மேல் பறந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

அப்போது மாராத்தாள் கத்துகிறாள்: "அய்யோ, அதைக் கீழ வையி கண்ணு! அடுப்ப ஊதறாப்பல ஊதறயே! ஊதாத!"

அடுப்பு ஊதுவதாம். நைட்ரஜன் அழுத்தத்தில் வெளியேறும் ரசாயனப் பொடி. அதற்கு அவள் கண்ட உவமை ஊதுகுழல். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பதாம் எண்ணையும் எடுத்து அடித்தேன். சுடர் துளிகூட இல்லை. திரும்பி அவளைப் பார்த்தேன், பார்த்தாயா என்கிற மாதிரி.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்று நாற்பத்து நான்கு. ஆறு இடங்களில் புகை. அங்கொன்று, இங்கொன்று, பக்கத்துப் போரின் தலையில் ஒன்று. அவர்கள் நாரைப் பரப்புகிற லட்சணம் அப்படி. நடுவில் இடைவெளி விடுங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மாராத்தாள் ஒரு குரல் கொடுத்தாள்: "சட்டையக் கழட்டுங்கடி!" நார் வேலைக்கு வருகிற பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வார்கள், நார் குத்தாமல் இருக்க. எல்லோரும் கழற்றினார்கள். மட்டை ஊறுகிற தொட்டிக்கு ஓடினார்கள். களத்திலிருந்து எண்பது அடி அது. சட்டையை நனைத்துக்கொண்டு வந்து ஆறு இடத்திலும் அடித்தார்கள். இன்னொரு கூட்டம் அலுவலகத்துக்குப் பின்னால் போய் டிரம்களை உருட்டிக்கொண்டு வந்தது. குடம், டிபன் தூக்கு, கையில் கிடைத்ததிலெல்லாம் தண்ணீர். ஒழுங்கு இல்லை, வரிசை இல்லை, யாருக்கு யார் பொறுப்பு என்பது இல்லை. சந்தைக்கடை மாதிரி. என் விசில் சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லை.

இப்போதுதான் முக்கியமான இடம் வருகிறது. பதினொன்று நாற்பத்தேழு. நான் அணைத்துவைத்திருந்த கோடிப் போர் இருக்கிறதல்லவா, அதன்மேல் ஏறினாள் மாராத்தாள். கவைக்கம்பால் அதைக் குத்திப் பிரித்தாள். அணைந்த போரை, சார்! "பிரிக்காதே! காற்று உள்ளே போகும்!" என்று கத்தினேன். அடிப்படை அறிவியல். காற்று பட்டால் எரியும். பிரித்தவுடன் உள்ளே செக்கச்செவேல் என்று கனல். "பாத்தியா கண்ணு, உள்ளுக்குள்ள உக்காந்துக்கிட்டு இருக்குது" என்றாள், எனக்கு ஏதோ வேடிக்கை காட்டுகிற மாதிரி. பிரித்துப் பிரித்துக் கீழே தள்ளினாள். துளசிமணி தண்ணீர் ஊற்றினாள். ஈரச் சட்டையால் அடிக்கும்போதுதான் மாராத்தாளின் வலது கை வெந்தது. முழங்கை வரைக்கும்.

சாக்காக இருந்தால் நீளமாக இருந்திருக்கும், கை அவ்வளவு கிட்டத்தில் போயிருக்காது என்று துளசிமணி சொல்லிக்கொண்டு திரிகிறாள். சாக்கு ஸ்டோரில் பத்திரமாகத்தான் இருந்தது. யாராவது சாவி கேட்டார்களா? கேட்கவில்லையே.

தீயணைப்பு வண்டி பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு வந்தது. பத்தொன்பது கிலோமீட்டர். அதற்குள் எல்லாம் முடிந்து, பெண்கள் ஈரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு போர்தான் போயிற்று, மிச்சம் பதினாறும் நின்றன. நிலைய அலுவலர் இறங்கி, பிரித்துப் போட்ட போரைக் காலால் கிளறினார். "யாரு இதைப் பிரிச்சது?" என்றார். நான் முன்னால் போய், "அந்த அம்மாதான் சார், நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல்" என்றேன். அவர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். என் சட்டையெல்லாம் பவுடர். "நல்லவேளை" என்றார். அவருக்காவது நான் சொன்னது புரிந்தது. படித்தவர்.

மாராத்தாள் பொள்ளாச்சி பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அறிக்கை வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லி அனுப்பிவிட்டார். தலைமை அலுவலகத்தில் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: தீ ஏன் பரவியது, யார் பொறுப்பு? அதற்கு என் கையெழுத்து வேண்டும். நான் எழுதுகிறதை வைத்துத்தான் அவளுக்கு வேலை உண்டா இல்லையா. எனக்கும் அப்படித்தான், ஆறாவது மாதம் வருகிறதே. அதனால் யோசித்துத்தான் எழுதினேன். இதோ, நீங்களே படியுங்கள். உங்களைப் பார்த்தால் அலுவலகத்தில் இருந்தவர் மாதிரி தெரிகிறது. 'தீ பரவியதற்கான காரணம்: பணியாளர் மாராத்தாள், பாதுகாப்பு அலுவலரின் அறிவுறுத்தலை மீறி, அணைக்கப்பட்ட நார்ப்போரைப் பிரித்தது.' பிழை இருக்கிறதா? மூன்று தடவை படி எடுத்து எழுதினேன்.

ஏன் சார் அங்கே விரலை வைத்திருக்கிறீர்கள்?

ஆமாம், அது மணி விவரம். நாற்பத்து நான்கு, ஆறு இடங்களில் புகை. இது நாற்பத்தேழு, போரைப் பிரித்தது. என் கைக்கடிகாரத்தில் பார்த்து எழுதியது, ஒரு நிமிடம்கூடத் தப்பாகாது.

நாற்பத்து நான்கு முதலில்தான் வரும். எனக்குத் தெரியாதா?

இல்லை, நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. புகைவது வேறு, பரவுவது வேறு. புத்தகத்தில் அதற்குத் தனித்தனியாக... கொஞ்சம் இருங்கள். அந்தத் தாளைக் கொடுங்கள்.

என் அம்மாவும் இப்படித்தான் கேள்வி கேட்டாள். உங்களிடம் சொல்வதற்கு என்ன, என் அம்மாவும் நார் மில்லில்தான் இருக்கிறாள், பெதப்பம்பட்டிப் பக்கம். இருபது வருடம். அதனால்தான் இந்த ஆட்களைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். அன்று சாயங்காலம் போன் செய்து சொன்னேன். அடிபட்டதா, சாப்பிட்டாயா என்று கேட்பாள் என்று பார்த்தால், முதல் கேள்வி என்ன தெரியுமா? "போரப் பிரிச்சாங்களா?"

"பிரித்தார்கள், நான் சொல்லியும் கேட்காமல்" என்றேன்.

"அப்பச் சரி" என்றாள். அப்புறம், "நீ எங்க நின்ன சாமி? காத்து எந்தப் பக்கம்?"

"ஆறடி தள்ளி நின்று அடித்தேன்."

"நான் அடியா கேட்டேன்? காத்தைத்தான் கேட்டேன்."

போனை வைத்துவிட்டேன். அவளும் அவர்களில் ஒருத்திதானே. காற்று, தண்ணீர், சாக்கு. அதைத் தாண்டி ஒன்றும் கிடையாது.

இதோ அறிக்கையில் இருக்கிறது பாருங்கள். 'கருவி இயக்கப்பட்ட தூரம்: ஆறடி.' நான்தான் எழுதினேன்.

திரும்பவும் புருவத்தைப் பார்க்கிறீர்கள்.

சார், தீ என்றால் அனல் அடிக்கும். ஆறடியிலும் அடிக்கும். கை முடியும் கொஞ்சம் கருகியிருக்கிறது, பாருங்கள், மணிக்கட்டு வரைக்கும். கை நீட்டித்தானே அடிக்கிறோம். மாராத்தாளுக்கும் இதே கைதான். அவள் எங்கே நின்றாள் என்றால் தீக்குள்ளேயே நின்றாள். நான் அப்படி நிற்கவில்லை. நான் கிட்டத்தில்... காற்று எதிரே இருந்து வந்தது. பவுடர் என் முகத்திலேயே அடித்தது. கண் தெரியவில்லை. அதனால் ஒரு எட்டு முன்னால் வைத்திருப்பேன். இரண்டு எட்டு. அது மனிதர்கள் செய்கிறதுதானே?

மற்றதெல்லாம் அப்படியே உண்மை, சார். வரிக்கு வரி. நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இந்த ஒரு எண்ணை மட்டும்தான் நான் கடிகாரத்தையோ அளவு நாடாவையோ பார்த்து எழுதவில்லை.

நேற்று அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அறிக்கையில் சேர்க்க அவள் வாக்குமூலம் வேண்டும், அதற்காகத்தான். கையைத் துணியில் சுற்றித் தலையணை மேல் வைத்திருந்தாள். நான் பேனாவை எடுத்தால், "உனக்குப் புருவம் மொளைக்குதா கண்ணு?" என்றாள். "வெளக்கெண்ணெ தடவு. கலியாணத்துக்குள்ள வந்துரும்." பக்கத்துக் கட்டில்காரி சிரிக்கிறாள். நான் என்ன செய்ய? வாக்குமூலம் என்ற இடத்தில் 'தர மறுத்துவிட்டார்' என்று எழுதினேன்.

அவள் மறுக்கவில்லை. நான் கேட்கவில்லை.

எங்கே வந்திருக்கிறோம்? ஈச்சனாரி தாண்டிவிட்டதா? மணி பதினொன்று இருபது. நேரம் இருக்கிறது. அடித்துத் திருத்துவது ஒன்றும் குற்றமில்லை, சார். தப்பான சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு, பழையது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானது, அதன் பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. டிப்ளமோவில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நானே அந்தப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன், பதிவேடு எழுதச் சொன்னபோது. ஆனால் ஓரிடத்தில் கோடு போட்டால் அதோடு நிற்காது. ஆறடி போனால் காற்று வரும். காற்று வந்தால் நாற்பத்து நான்கு வரும். பிறகு டிரம் எங்கே என்று கேட்பார்கள், சாக்கு எங்கே, சாவி யாரிடம் என்று கேட்பார்கள். கேட்கத் தெரிந்தவர்களாக இருந்தால் கேட்பார்கள். அவர்களும் மேனேஜர் மாதிரி ஆட்கள்தான், பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்தை மட்டும் பார்ப்பார்கள். அப்படியே கொடுத்தாலும் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. உங்களைத் தவிர.

எப்படியும் இப்போது எழுத முடியாது. வண்டி இந்த ஆட்டம் ஆடுகிறதே, இதில் கோடு போட்டால் தாள் கிழிந்துவிடும். வண்டி எங்கேயாவது ஐந்து நிமிடம் நின்றால் பார்க்கலாம். நிற்காது. இவர்கள் ஓட்டுகிற ஓட்டத்தைப் பார்த்தீர்களா? சிவப்பு விளக்கைக்கூட மதிக்காதவர்கள்.

என்ன, முன்னால் எல்லாம் நிற்கிறது? சுந்தராபுரம் சிக்னலா? இவ்வளவு நீளமா வரிசை? டிரைவர் எஞ்சினையே அணைத்துவிட்டாரே.

சார், பேனாவை எடுக்க வேண்டும், இந்த டிபன் பையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா?